புகைபோக்கியும் நீர்த்துளியும்

இட்டிலிப் பானையின் மூடியைத் திறக்குங்கால் அதன் உட்புறத்தில் நீர்த்துளிகள் முத்துப்போல் தொங்குதலை யாவரும் கண்டிருப்பர். பனிக்கட்டி இட்ட செம்பின் புறத்தே நீர் அரும்புதலையும் அறிவர். இவ்விரண்டும் ஒரே செயலின் இரு தோற்றங்களாகும். காற்றில் கட்புலனாகாது கலந்திருக்கும் நீராவி, குளிர்ந்த பொருளைத் தீண்டியவுடன் சுருங்கி நீராகின்றது. வீட்டுப் புகைபோக்கியில் சொட்டும் நீரும் இவ்வியல்பினதே.

தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர் முதலிய சென்னையின் தென்புறநகர்களில் முன்னாளில் ஓட்டு வீடுகள் பல இருந்தன. அடுப்பின் ஆவி, முற்றத்தின் வழியாகவும் ஓட்டின் இடுக்குகள் வழியாகவும் தானே வெளியேறிற்று. இந்நாளில் அடுக்குமாடி வீடுகள் பல்கிவிட்டன. சுவர்களுக்குள் அடைபட்ட சமையலறையினின்று ஆவியைப் போக்க மின்விசிறியும் உலோகக் குழாயும் வேண்டியனவாயின. மார்கழித் திங்களின் விடியற்காலையில் அக்குழாயினின்று நீர் சொட்டுதலும், அதனால் சுவரில் கறை படர்தலும் உண்டு.

இதன் காரணம் யாது? 30 டிகிரி செல்சியசு வெப்பமுள்ள ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். அக்காற்றே 20 டிகிரிக்குக் குளிருமாயின் 17 கிராம் அளவே தாங்கவல்லது. எஞ்சிய 13 கிராமும் நீராய்ப் பிரிந்துவிடும். சமையலறையின் வெப்பக்காற்று, விடியற்குளிரில் தண்ணென்றிருக்கும் குழாயினுட் புகும்போது நிகழ்வது இதுவே. வடகிழக்குப் பருவக்காற்றின் ஈரமும் சேர்தலால், படிந்த நீர் எளிதில் உலர்வதுமில்லை.

கொதிக்கும் உலையினின்று மட்டுமே ஆவி எழுகின்றது என எண்ணற்க. எரிவாயு எரியுங்கால், அதிலுள்ள ஐதரசன் காற்றிலுள்ள ஆக்சிசனுடன் கூடி நீராவியாகின்றது. 14.2 கிலோகிராம் எரிவாயு கொண்ட ஓர் உருளை முழுதும் எரிந்து தீரும்போது, ஏறத்தாழ 22 லிட்டர் நீர் ஆவியாய் வெளிப்படுகின்றது. அடுப்பில் ஒரு துளி நீரும் வையாதபோதும் புகைபோக்கி ஈரமாதற்குக் காரணம் இதுவேயாம்.

சொட்டும் நீரை வெறுத்துச் சிலர் புகைபோக்கியின் வாயைத் துணியாலோ அட்டையாலோ அடைத்துவிடுகின்றனர். இது பெருந்தீங்காகும். காற்று போதாவிடின் எரிவாயு முற்றும் எரியாது, கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவளி தோன்றும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குருதியில் ஆக்சிசன் பற்றவேண்டிய இடத்தை அது பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலியும் பின்னர் மயக்கமும் உண்டாகும். எரிவாயுவால் வெந்நீர் காய்ச்சும் கருவியைக் குளியலறையினுள் வைத்து, காற்றுவழிகளை அடைத்துவிட்டு நீராடியோர் உயிரிழந்ததும் உண்டு.

ஆயின் நீர் சொட்டுதலைத் தடுக்கும் வழி யாது? முதற்கண் அந்நீர் எங்கிருந்து வருகின்றது என ஆராய்தல் வேண்டும். மழை பெய்யும்போது மட்டும் சொட்டுமாயின் அது மழைநீர். குழாயின் வெளிவாய்க்குக் கவிகை அமைத்தல் போதும். மழையில்லா நாளிலும் சமைக்கும்போது சொட்டுமாயின் அஃது ஆவி சுருங்கிய நீரே. குழாய் குறுகியதாயும் வளைவு குறைந்ததாயும் இருத்தல் வேண்டும். படிந்த நீர் அடுப்பின்மேல் திரும்பி விழாதவாறு, அது வெளிப்புறம் நோக்கிச் சற்றே சாய்ந்திருத்தல் நன்று. அந்நீர் அண்டை வீட்டார் உலர்த்திய துணிமீது விழாமல் வடிவதற்கு வழி செய்தலும் நம் கடமை. வெப்பம் கடத்தாப் பொருளைக் குழாயின்மேற் சுற்றின் அது விரைவிற் குளிராது. பாத்திரத்தை மூடிச் சமைத்தலும், சமையல் முடிந்த பின்னும் சிறிது நேரம் விசிறியைச் சுழலவிடுதலும், சாளரத்தைத் திறந்து புதுக்காற்றை வரவேற்றலும் பயன் தரும்.

நற்காற்றின் அருமைக்குத் தாம்பரமே சான்று. 1928ஆம் ஆண்டில் மருத்துவர் சௌரிமுத்து அங்கே காசநோய் மருத்துவமனை ஒன்றை நிறுவினார். அந்நோயைத் தீர்க்கும் மருந்து கண்டறியப்படாத அக்காலத்தில், தூய காற்றும் ஓய்வும் நல்லுணவுமே சிகிச்சையாய் அமைந்தன. 'தாம்பரம் சானடோரியம்' என்னும் புகைவண்டி நிலையத்தின் பெயர் அதனை இன்றும் நினைவூட்டுகின்றது.

நோயுற்றோர் நற்காற்றைத் தேடி வந்த ஊரில், நலமுடன் வாழ்வோர் அதன் வழியை அடைத்தல் தகுமோ? சொட்டும் துளியைத் துடைத்துவிடலாம். வடியும் நீருக்கு வழி காட்டலாம். காற்றின் வழியை மட்டும் ஒருநாளும் அடைத்தலாகாது.