நாட்டுத் துப்பாக்கி: சத்தம் குறைந்தால் ஆபத்து குறையுமா?

கல்வராயன், ஜவ்வாது, சேர்வராயன் மலைகளிலும் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காட்டோரங்களிலும் விளைச்சல் முற்றும் நேரத்தில் விவசாயிக்குத் தூக்கம் கிடையாது. மரவள்ளி, நிலக்கடலை, சோளம் என எதைப் போட்டாலும், ஒரே இரவில் பன்றிக் கூட்டம் இறங்கிக் கிளறிப் போட்டால் அந்த வருஷத்துப் பாடு அத்தனையும் வீண். அந்த ஆத்திரத்தில்தான் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி இன்னும் சில வீடுகளின் பரணில் இருக்கிறது. ‘மருந்தைக் குறைத்துப் போடு, சத்தம் வெளியே கேட்காது’ என்று யோசனை சொல்பவர்களும் இருக்கிறார்கள். அந்த யோசனையை நம்பி உயிரையும் குடும்பத்தையும் பணயம் வைக்காதீர்கள்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

நாட்டுத் துப்பாக்கியில் கரிமருந்தையும் குண்டையும் குழாயின் வாய் வழியாகத்தான் திணிக்கிறார்கள். அளவு, ஈரம், இறுக்கம் எல்லாமே கைக்கணக்கு. மருந்து குறைந்தாலோ நமத்துப்போனாலோ குண்டு வெளியேறாமல் குழாய்க்குள்ளேயே சிக்கிக்கொள்ளலாம். சத்தம் குறைவாக வந்ததால் ‘சுட்டாகிவிட்டது’ என்று நினைத்து அடுத்த வேட்டுப் போட்டால், வெளியேற வழியில்லாத அழுத்தம் குழாயைப் பிளந்துவிடும். சிதறும் இரும்பு முதலில் பாய்வது சுடுபவரின் கையிலும் கண்ணிலும்தான். உரிமம் பெற்ற தொழிற்சாலையில் துப்பாக்கிக் குழாயை அழுத்தச் சோதனை செய்த பிறகே விற்பனைக்கு விடுவார்கள். பட்டறையில் கள்ளத்தனமாகச் செய்த குழாய்க்கு அப்படி எந்தச் சோதனையும் நடந்திருக்காது.

வெடிக்கவில்லையே என்று குழாய்க்குள் எட்டிப் பார்ப்பதும் ஆபத்து. உள்ளே கனன்றுகொண்டிருக்கும் மருந்து சில நொடிகள் தாமதித்தும் வெடிக்கும். ஈர மருந்தை அடுப்படியில் உலர்த்துவது வீட்டையே கொளுத்திவிடும். சத்தம் குறைந்த குண்டு ஆளைக் கொல்லாது என்பதும் தவறு. பன்றியைச் சாய்க்க வலுவில்லாத குண்டும் மனிதனின் கண்ணிலோ கழுத்திலோ பட்டால் உயிரை எடுக்கும். அரைகுறையாக அடிபட்ட பன்றி திரும்பி ஆளையே குத்தும். இருட்டில் அசைவதை விலங்கு என்று நினைத்து, உடன் வந்தவரையே சுட்டுவிட்ட சம்பவங்களும் நடந்திருக்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆயுதச் சட்டம், 1959-இன் 3-ஆம் பிரிவின்படி துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் உரிமம் வேண்டும். துப்பாக்கிக்கான மருந்தும் அதைச் சார்ந்த பொருள்களும் இந்தச் சட்டத்தின் கண்ணில் ‘தோட்டா’ (ammunition) என்ற வரையறைக்குள்தான் வருகின்றன. ஆகவே ‘துப்பாக்கி என்னுடையதல்ல, மருந்து மட்டும்தான் வைத்திருந்தேன்’ என்று சொல்லித் தப்ப முடியாது.

2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ தயாரித்தாலும் விற்றாலும் குறைந்தது 7 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை. குறி தவறி ஒருவர் இறந்தால் அதற்குத் தனி வழக்கு. ‘குடகில் எல்லோரும் உரிமம் இல்லாமல் வைத்திருக்கிறார்களே’ என்று கேட்பவர்கள் உண்டு. அது குடகர்களுக்கும் அங்குள்ள ‘ஜம்மா’ என்ற பரம்பரை நில உரிமை பெற்றவர்களுக்கும் மத்திய அரசு தந்துள்ள விலக்கு; 2029 அக்டோபர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டுக்கு அது பொருந்தாது.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி, 2023 ஏப்ரல் முதல் காட்டுப்பன்றி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. துப்பாக்கி உரிமம் கையில் இருந்தாலும், எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் பன்றியைச் சுடுவது வேட்டைக் குற்றமே. உயிரைக் காத்துக்கொள்ள வேறு வழியின்றி விலங்கைக் கொன்றால் 11-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. ஆனால் வேட்டைக்குப் போன இடத்தில் விலங்கு பாய்ந்தது என்றால் அந்த விலக்கு கிடைக்காது. தற்காப்பில் கொன்ற விலங்கும் அரசுச் சொத்துதான், அதன் கறியைப் பங்கு போட்டாலும் வழக்கு வரும்.

விவசாயிக்கு உள்ள உரிமை

பயிரைக் காக்கச் சட்டப்படியே துப்பாக்கி கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து திணிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க இடம் தருகிறது. விண்ணப்பத்தின் மீது காவல்துறையின் அறிக்கை பெறப்படும். போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்தைச் சொல்லி உரிமத்தை மறுக்கக் கூடாது என்று 14-ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். அதைக் கேட்டு வாங்கி, 18-ஆம் பிரிவின்படி காலக்கெடுவுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள்.

பன்றித் தொல்லைக்குத் துப்பாக்கி ஒன்றே வழி என்றும் இல்லை. 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு நடைமுறையை அறிவித்தது. காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் வந்தால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டரைத் தாண்டி வந்தால் வனத்துறையினரே சுடலாம். சுடும் அதிகாரம் துறைக்குத்தான், விவசாயிக்கு அல்ல. ஆனால் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மனுக் கொடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

பயிர் சேதமானால் வயலைச் சீர்செய்வதற்கு முன்பே படம் எடுத்துக்கொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவித்து, சிட்டா, அடங்கலுடன் வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டு மனுவைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். சீட்டு கையில் இல்லாவிட்டால் மனுவே வரவில்லை என்று சொல்லிவிட வாய்ப்பிருக்கிறது.

துப்பாக்கி ஏற்கெனவே வீட்டில் இருந்தால்

உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டாலோ, உரிமம் காலாவதியானாலோ, அந்தத் துப்பாக்கியைத் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். அப்படி ஒப்படைத்த வாரிசு பிறகு தன் பெயரில் உரிமம் பெற்று அதைத் திரும்ப வாங்கலாம், உரிய முறையில் விற்கவும் செய்யலாம்.

உரிமமே இல்லாத துப்பாக்கி என்றால், மலை மாவட்டங்களில் காவல்துறையும் வனத்துறையும் ‘தாமாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை’ என்று அவ்வப்போது அவகாசம் தருகின்றன. அந்த அறிவிப்பைத் தவறவிடாதீர்கள். அறிவிப்பு இல்லாத நேரத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞரைக் கலந்துகொண்டு ஒப்படையுங்கள். ஆற்றிலோ புதரிலோ வீசினால் அது குழந்தையின் கையில் கிடைக்கக்கூடும்.

காயம் பட்டால், கைது செய்தால்

குண்டு பட்ட இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து 108-ஐ அழையுங்கள். குண்டைத் தோண்டி எடுக்க முயலாதீர்கள். வழக்குக்குப் பயந்து காயத்தை மறைத்தால் கைகாலோ உயிரோ போகும்.

கைதானால் காரணத்தைச் சொல்ல வேண்டும், உறவினருக்குத் தகவல் தர வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். காவலில் இருப்பவருக்கும் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானக் கணக்கின்றி இலவச வழக்கறிஞர் உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100.

பயிர் போனால் அடுத்த பட்டத்தில் விதைத்துக்கொள்ளலாம். ஒரு குண்டு பறித்த கண்ணையோ, சிறைக்குப் போன தகப்பனையோ எந்த இழப்பீடும் ஈடுசெய்யாது. பரணில் துப்பாக்கி இருந்தால், தாமதிக்காமல் ஒப்படைத்துவிடுங்கள்.