குழந்தையின் பசியும் தட்டின் அளவும்

பசி தீர்ந்த குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இன்னும் ஒரே ஒரு பிடி என்று தாய் வற்புறுத்துகிறாள். உணவின் அளவை அறிந்தவர் இவ்விருவருள் யார் என்பதை ஊட்டவியல் அறிஞர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றனர்.

அமெரிக்காவில் பார்பரா ரோல்ஸ், லியான் பர்ச் முதலிய ஆராய்ச்சியாளர்கள் நடத்திய ஒரு சோதனையின் முடிவுகள் 2000-ஆம் ஆண்டில் வெளியாயின. பாலாடைக்கட்டி கலந்த மாக்கரோனி உணவு சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று அளவுகளில் வெவ்வேறு நாட்களில் குழந்தைகளுக்குப் பரிமாறப்பட்டது. மூன்று வயதினர், எவ்வளவு வைத்தபோதிலும், ஏறக்குறைய ஒரே அளவே உண்டனர். ஐந்து வயதினரோ தட்டில் மிகுந்தபோது மிகுதியாக உண்டனர். வயிறு கூறுவதைக் கேட்டுவந்த குழந்தை, இடைப்பட்ட ஈராண்டுகளில், கண் காண்பதை நம்பத் தொடங்கிவிடுகிறது போலும்.

2003-ஆம் ஆண்டின் மற்றோர் ஆராய்ச்சியில், பிரதான உணவை இரு மடங்காக்கியபோது குழந்தைகள் அதனை 25 சதவிகிதம் கூடுதலாக உண்டனர். அவ்வேளையில் உட்கொண்ட மொத்தக் கலோரி 15 சதவிகிதம் உயர்ந்தது. தாமே எடுத்துப் பரிமாறிக்கொண்டபோதோ, அப்பெரிய அளவு வைக்கப்பட்ட நாளைவிட அவ்வுணவை 25 சதவிகிதம் குறைவாகவே உண்டனர்.

குழந்தையின் உணவை மிகவும் கட்டுப்படுத்தும் தாய்மாரின் பிள்ளைகளிடம், தேவைக்கேற்ப உண்ணும் திறன் குறைந்திருந்ததாக 1994-ஆம் ஆண்டில் 77 குழந்தைகளை ஆராய்ந்தவர்கள் கண்டனர். எனினும் இதனைக் கொண்டு தாய்மீது பழி சுமத்துவது பொருந்தாது. பிள்ளையின் உடல் பருப்பதைக் கண்ட பிறகே அவள் கட்டுப்படுத்தத் தொடங்கியிருக்கவும் கூடும்.

இந்தியத் தாயின் அச்சமோ பெரும்பாலும் வேறு வகையானது. 2019-21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் 32.1 சதவிகிதத்தினர் எடை குறைந்தவர்கள். மிகை எடையுள்ளோர் 3.4 சதவிகிதமே, ஆயினும் 2015-16-இல் இது 2.1 சதவிகிதமாக இருந்தது. தட்டில் மீதம் வைக்கலாகாது என்னும் கண்டிப்பு, தானியம் அரிதாயிருந்த வீடுகளில் நியாயமான விதியே. பண்டங்கள் நிறைந்த வீட்டில் அதே விதி குழந்தையின் போதும் என்னும் உணர்வை மழுங்கச் செய்யக்கூடும்.

ஒரு வேளை உணவு மீந்ததா என்பதைவிட, எடை மாதந்தோறும் எவ்வாறு செல்கிறது என்பதே நம்பத்தக்க அளவுகோல். அங்கன்வாடியில் குறிக்கப்படும் வளர்ச்சி அட்டையில் கோடு தன் போக்கில் ஏறிவருமாயின், மீந்த இரு பிடிச் சோற்றைக் குறித்துக் கவலை வேண்டுவதில்லை. கோடு கிடையாகவோ கீழ்நோக்கியோ சென்றால், வற்புறுத்தி ஊட்டுவதோடு நில்லாமல், குழந்தையை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.