ஒரு லிட்டர் தண்ணீரும் ஒரு பொட்டலமும்

பேதியில் துவண்டு கிடக்கும் குழந்தைக்காக மருந்துக் கடையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்குகிறோம். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தில் இருப்பது 20.5 கிராம் தூள். இந்தச் சின்னக் குழந்தை ஒரு லிட்டரா குடிக்கப்போகிறது என்று எண்ணி, முழுத் தூளையும் ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்கிக் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. மருந்து உள்ளே போய்விட்டதே, கெட்டியாக இருந்தால் சீக்கிரம் கேட்கும்தானே என்பது அவர்கள் கணக்கு. ஆனால் 200 மில்லி டம்ளரில் கரைத்த அந்தத் தூள், துகள்களின் நெருக்கத்தில் கடல்நீரையே மிஞ்சுகிறது. உடம்பில் நீர் வற்றிய குழந்தைக்கு அதைப் புகட்டினால், குடல் நீரை உறிஞ்சுவதற்குப் பதிலாக உடம்பின் நீர் குடலுக்குள் இறங்கும். இரத்தத்தில் உப்பு ஏறி மூளையையும் பாதிக்கலாம். எவ்வளவு போட்டோம் என்பதோடு, எவ்வளவு நீரில் போட்டோம் என்பதும் சேர்ந்ததுதான் செறிவு. பள்ளி வேதியியலில் மதிப்பெண்ணுக்காகப் படித்து மறந்த இந்தச் சொல்லில்தான் அந்தப் பொட்டலத்தின் உயிரே இருக்கிறது.

செறிவைக் கிராமில் சொல்வது எளிது. பொட்டலத்தின் பின்பக்கமும் அப்படித்தான் சொல்கிறது: உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். இதைப் படித்தால், குளுக்கோஸ் உப்பைப்போல் ஐந்து மடங்கு இருக்கிறதே, இது இனிப்புத் தண்ணீர்தானோ என்று தோன்றும். எடை இங்கே நம்மை ஏமாற்றுகிறது. வெற்றிலையைக் கவுளிக் கணக்கில் வாங்குகிறோம். இலை பெரிதா சிறிதா என்பதைப் பொறுத்து எடை மாறும், எண்ணிக்கை மாறாது. வேதியியலாரின் கவுளி மோல். ஒரு மோல் என்றால் 6.022 × 10²³ துகள்கள். உப்பில் அத்தனை வேண்டுமானால் 58.4 கிராம் போதும்; குளுக்கோஸ் மூலக்கூறு பருத்தது என்பதால் 180 கிராம் வேண்டும். மோலில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிமோல். இப்போது பொட்டலத்தை எண்ணிப் பார்க்கலாம். 13.5 கிராம் குளுக்கோஸ் என்பது 75 மில்லிமோல். உப்பிலிருந்து சுமார் 45 மில்லிமோல் சோடியம் வருகிறது. சிட்ரேட் மூலக்கூறு ஒவ்வொன்றும் மூன்று சோடியத்தைச் சுமந்து வருவதால் அதிலிருந்து இன்னொரு 30. ஆக சோடியமும் 75. எடையில் கோணலாகத் தெரிந்த இரண்டும் எண்ணிக்கையில் நேருக்கு நேர் நிற்கின்றன. இவற்றோடு குளோரைடு 65, பொட்டாசியம் 20, சிட்ரேட் 10 என்று கூட்டினால் லிட்டருக்கு 245. நம் இரத்த நீரில் இந்தக் கணக்கு ஏறத்தாழ 275 முதல் 295 வரை. கரைசல் இரத்தத்தைவிடச் சற்றே நீர்த்திருப்பதால் நீர் குடலிலிருந்து உடம்பை நோக்கி நகர்கிறது. டம்ளரில் கலக்கியதற்கு இதே கணக்கைப் போட்டால் 245-ஐ ஐந்தால் பெருக்க வேண்டும்: 1,225.

சோடியமும் குளுக்கோஸும் ஏன் ஒன்றையொன்று ஒட்டி நிற்க வேண்டும்? சிறுகுடலின் சுவரில் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து உள்ளே இழுக்கும் வாயில்கள் இருக்கின்றன. உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960-இல் முன்வைத்த விளக்கம் இது. கடும் பேதியிலும் இந்த வாயில்கள் பெரும்பாலும் வேலை செய்துகொண்டே இருக்கும். இரண்டும் உள்ளே போகும்போது நீரும் கூடவே போகும். வெறும் உப்புத் தண்ணீருக்கோ வெறும் சர்க்கரைத் தண்ணீருக்கோ இந்தக் கதவு சரிவரத் திறப்பதில்லை. பழைய ஓ.ஆர்.எஸ்.ஸில் சோடியம் 90, குளுக்கோஸ் 111, மொத்தம் 311. அதுவே லட்சக்கணக்கான உயிர்களைக் காத்தது. ஆனாலும் செறிவைக் குறைத்துப் பார்த்த ஆய்வுகளில் குழந்தைகளுக்கு வாந்தி குறைந்தது, பேதியின் அளவு குறைந்தது, ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டிய தேவையும் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 2002-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 245-க்கு மாறின. காலராவில் பெரியவர்கள் ஏராளமாகச் சோடியத்தை இழப்பார்களே, அவர்களுக்கு 75 போதுமா என்று அப்போது எழுந்த கேள்வி நியாயமானது. அந்தக் கவலை முழுவதும் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நோயாளிகளில் மிகப் பலர் குழந்தைகள். ஆளுக்கொரு பொட்டலம் வைத்தால் கிராமத்துச் சுகாதார நிலையத்தில் குழப்பமே மிஞ்சும். ஒரே கலவை என்ற முடிவு சரியென்றே எனக்குப் படுகிறது.

இவ்வளவு நுணுக்கம் ஆய்வகத்துக்குப் பொருந்தும், அடுப்படிக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். 1971-இல் வங்கதேசப் போரின் அகதிகள் குவிந்த மேற்கு வங்கத்துப் பன்காவ்ன் ஊரில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று பைகளில் அடைத்து, நீரில் கரைத்து, குழாய் வைத்த பீப்பாய்களில் நிரப்பிவைத்தார். நோயாளிகளின் உறவினர்களே பிடித்துப் புகட்டினார்கள். முன்பு நூற்றுக்கு 30 பேர்வரை இறந்த இடத்தில் இறப்பு 4-க்கும் கீழே வந்தது. மருத்துவர் கையை விட்டு வீட்டார் கைக்குப் போனபோதும் செறிவு அளந்தே இருந்தது. பின்னர் வங்கதேசத்தில் பிராக் தொண்டு நிறுவனத்தின் பெண் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், மூன்று விரல்களால் கிள்ளிய உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்று தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். தராசு இல்லாத வீட்டில் கையையே தராசாக்கிய முறை அது. நாக்குக்கும் ஓர் அளவு சொல்வதுண்டு: கரைசல் கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது. கண்ணீரின் செறிவு இரத்தத்தை ஒட்டியது என்பதால் இந்தச் சோதனை வெறும் வழக்குப் பேச்சும் இல்லை. பொட்டலம் கிடைக்காதபோது ஒரு லிட்டர் நீரில் தட்டையாக வழித்த ஆறு தேக்கரண்டிச் சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என்பதும் இதே கணக்கின் அடுப்படி வடிவம்தான்.

நம் பாட்டிமார் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைக் கொடுத்தே பிள்ளைகளைத் தேற்றினார்களே, அவர்கள் எதை எண்ணினார்கள் என்று இன்னொரு கேள்வி வரும். கஞ்சி தேற்றியது உண்மை; காரணமும் எண்ணிக்கையில்தான் இருக்கிறது. அரிசி மாவுச்சத்தின் ஒரு மூலக்கூறு, ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் கோத்த மாலை. எடை எவ்வளவு இருந்தாலும் துகள்கள் சொற்பம், ஆகவே செறிவு ஏறுவதில்லை. குடல் அந்த மாலையை அவிழ்க்க அவிழ்க்க, குளுக்கோஸ் சிறுகச் சிறுகக் கதவுக்கு வந்து சேருகிறது. உப்பைக் கூட்டிவிடாதவரை கஞ்சி நல்ல துணை. கோலா பானங்களின் கதை நேர்மாறு: லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் சர்க்கரை, சோடியம் பேருக்குத்தான். இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் பெயரில் சூடிக்கொண்டு மருந்துக் கடை அலமாரியில் நின்றது என்னைப் பொறுத்தவரை பெரும் அநீதி. 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் அதைத் தடுத்தது. கடையில் இப்போதும் ஒரு லிட்டருக்கான பெரிய பொட்டலமும் 200 மில்லிக்கான சிறிய பொட்டலமும் அருகருகே இருக்கும். பிரிப்பதற்கு முன் எத்தனை மில்லிக்கு என்று பார்த்து, பெரியது என்றால் ஒரு லிட்டர் பாட்டிலில் முழுவதையும் கரைத்துவிட வேண்டும். கிள்ளிக் கிள்ளிப் போட்டால் ஈரம் கோத்த தூளில் எந்த உப்பு எவ்வளவு விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. முழுவதும் கரைத்த நீரைக் குழந்தைக்குக் கரண்டி கரண்டியாகப் புகட்டலாம். 24 மணி நேரம் கழித்து மீதியைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைக்க வேண்டும்.