தண்டவாளமும் உணவுக்குழாயும்

நான் மருத்துவன் அல்ல. டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் உழைத்தவன். ரயிலே இல்லாத அந்தமானில், லம்பா லைனில், மகன் வீட்டில் இருக்கிறேன். அங்கே கற்ற ஒரு விஷயம் இங்கே ஸ்கேன் அறையில் எதிர்ப்பட்டது.

என் மனைவிக்கு இரண்டு வருடமாகச் சாப்பாடு நெஞ்சிலேயே நின்றது. இட்லி மட்டுமல்ல, தண்ணீரும் நின்றது. இரவில் படுத்தால் உண்ட சோறு செரிக்காமல் அப்படியே வாய்க்கு வரும். 'கேஸ்' என்று நாங்களே முடிவு கட்டி மாத்திரை கொடுத்தோம். உடம்பு பாதியாய் இளைத்த பிறகுதான், பித்தப்பையில் கல்லோ என்று ஸ்கேன் எடுக்கப் போனோம்.

கல் இல்லை. ஆனால் கல்லீரலுக்குப் பின்னே உணவுக்குழாயின் அடிப்பகுதி வீங்கி, இரைப்பையில் சேரும் இடத்தில் கூம்பு போலக் குறுகியிருந்தது. டாக்டர் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கச் சொன்னார். அது இறங்காமல் தேங்கி நின்றதைத் திரையில் நானே பார்த்தேன். "அக்கலேசியாவாக இருக்கலாம். இது அறிகுறிதான், முடிவல்ல" என்றார்.

தண்டவாளத்தில் வெடிப்பைத் தேட நொடிக்கு 20 லட்சம் அதிர்வுள்ள ஒலியை உள்ளே செலுத்துவோம். வெடிப்பில் பட்டு எதிரொலி திரும்பும். திரும்பும் நேரத்தை வைத்து ஆழத்தைக் கணக்கிடுவோம். வயிற்று ஸ்கேனுக்கும் ஏறத்தாழ இதே வகை ஒலிதான். இரண்டுக்கும் காற்று பகை. அங்கே தண்ணீர் விடுவதும் இங்கே பசை தடவுவதும் இடைக்காற்றை நீக்கத்தான். நுரையீரல் முழுதும் காற்று என்பதால் நெஞ்சுக்குள் இருக்கும் உணவுக்குழாய் வெளியிலிருந்து சரியாகத் தெரியாது. கல்லீரல் வழியாகக் கடைசிப் பகுதி மட்டும் தெரியும்.

அக்கலேசியா ஆண்டுக்கு லட்சம் பேரில் சுமார் ஒருவருக்கு வரும் நோய். உணவுக்குழாயின் நரம்பணுக்கள் அழிவதால், கீழ்வாயின் தசை விழுங்கும்போது தளர்வதில்லை. புற்றுநோயில் பெரும்பாலும் முதலில் திட உணவு நிற்கும், பிறகே நீர். இதில் இரண்டும் நிற்கும். அப்படி நின்றால் வீட்டு வைத்தியத்தில் நாள் கடத்த வேண்டாம். ஆரம்பத்தில் எண்டோஸ்கோப்பியில்கூட ஒன்றும் தெரியாமல் போகலாம். பேரியம் குடித்து எடுக்கும் எக்ஸ்ரேயும், மூக்கு வழியே மெல்லிய குழாய் விட்டு அழுத்தம் அளக்கும் சோதனையும்தான் நோயை உறுதிசெய்யும்.

சென்னையில் இவை முடிந்த பிறகும் இன்னொரு அல்ட்ராசவுண்ட் வேண்டும் என்றார்கள். இம்முறை எண்டோஸ்கோப்பின் நுனியிலேயே கருவி. அந்த மூலையில் ஒளிந்திருக்கும் கட்டியும் குழாயை நெருக்கி, அச்சாக அக்கலேசியா போலவே தோன்றுமாம். வயதும் இளைப்பும் சேர்ந்து அந்தச் சந்தேகத்தைக் கொடுத்தன. அன்றிரவு நான் தூங்கவில்லை. உள்ளிருந்து பார்க்கும்போது சுவரின் ஒவ்வொரு அடுக்கும் தெரிகிறது. தசை தடித்திருந்தது, கட்டி இல்லை.

பலூன் வைத்து விரிப்பதும், 1913-ல் ஜெர்மனியில் ஹெல்லர் தொடங்கிய அறுவையும் பழைய வழிகள். ஜப்பானில் டாக்டர் இனோவே 2008-ல் முதலில் செய்த முறையில், வாய் வழியாகவே போய்த் தசையை வெட்டிவிடுகிறார்கள். இவளுக்கு அதைத்தான் செய்தார்கள்.

இப்போது இரண்டு தோசை தடையில்லாமல் இறங்குகிறது. வெட்டிய வாய் வழியே அமிலம் மேலேறும் என்பதால், கட்டிலின் தலைமாட்டை மட்டும் செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறேன்.