முப்பது பாகை என்றால் வெயிலா, பனியா?

ரொறன்ரோவில் இருக்கும் தமையன் தொலைபேசியில் "இன்று இங்கே முப்பது பாகை" என்றால், கோடை வெயில் கொளுத்துகின்றது என்பது பொருள். நியூயோர்க்கில் இருக்கும் தம்பி அதே முப்பதைச் சொன்னால், அங்கே தண்ணீர் உறைகின்றது என்பது பொருள். ஒருவர் செல்சியஸ் அளவையிலும் மற்றவர் பரனைற் அளவையிலும் பேசுகின்றார். ஒரே குடும்பம் பல நாடுகளில் சிதறி வாழும் எமக்கு, இவ்விரண்டையும் அறிந்திருப்பது அன்றாடத் தேவையாகிவிட்டது.

டான்சிக் நகரிற் பிறந்து ஒல்லாந்தில் கருவிகள் செய்து வாழ்ந்த பரனைற் என்பவர் 1724இல் தமது அளவையை வெளியிட்டார். சுவீடன் நாட்டு வானியலாளரான செல்சியஸ் 1742இல் நூறு பாகை கொண்ட அளவையை முன்வைத்தார். அவர் முதலில் நீர் கொதிக்கும் நிலையைப் பூச்சியம் என்றும் உறையும் நிலையை நூறு என்றும் கொண்டிருந்தார். பின்னரே அது இன்றுள்ளவாறு தலைகீழாக மாற்றப்பட்டது. கனடா 1975 ஏப்ரல் 1ஆம் திகதி முதல் வானிலை அறிவிப்பைச் செல்சியஸில் தருகின்றது. ஐரோப்பிய நாடுகளிலும் அவுஸ்திரேலியாவிலும் செல்சியஸே வழக்கு. அமெரிக்காவோ இன்னும் பரனைற்றை விடவில்லை. கனடாவிலும் சமையலறைப் போறணை பெரும்பாலும் பரனைற்றிலேயே சூடேறுகின்றது. அதில் 350 என்பது ஏறத்தாழ 177 பாகை செல்சியஸ் ஆகும்.

மனக்கணக்கு

செல்சியஸைப் பரனைற்றாக மாற்ற, எண்ணை இரட்டியுங்கள். வந்த தொகையிற் பத்திலொன்றைக் கழியுங்கள். பின்னர் 32ஐக் கூட்டுங்கள். 10 பாகையை எடுத்துக்கொண்டால், இரட்டித்தால் 20. இரண்டைக் கழித்தால் 18. 32ஐக் கூட்டினால் 50. இது மதிப்பீடன்று, சரியான விடையே. இவ்வாறே 20 பாகை 68 ஆகவும், 5 பாகை 41 ஆகவும், பூச்சியம் 32 ஆகவும் வரும். பூச்சியத்திற்குக் கீழே பத்து என்பது பரனைற்றில் 14. பூச்சியத்திற்குக் கீழே நாற்பதில் இரு அளவைகளும் ஒன்றாகிவிடும்.

பரனைற்றிலிருந்து திரும்பி வர, முதலில் 32ஐக் கழியுங்கள், மீதியைப் பாதியாக்குங்கள், அப்பாதியிற் பத்திலொன்றைச் சேருங்கள். விடை மிக அண்மையாக அமையும். சுவரிலுள்ள கருவி 62 எனக் காட்டினால், வீட்டினுள் ஏறத்தாழ 16½ பாகை செல்சியஸ் மட்டுமே உள்ளது. ரொறன்ரோவில் குளிர்காலத்தில் வாடகை வீட்டின் வெப்பம் 21 பாகைக்குக் குறையாதிருப்பதை வீட்டு உரிமையாளர் உறுதிசெய்தல் வேண்டும் என்பது மாநகர விதி. 21 என்பது பரனைற்றில் ஏறத்தாழ 70. இக்கணக்குத் தெரியாதவர் தமது உரிமையை எவ்வாறு கேட்பார்?

காய்ச்சலும் கணக்கும்

ஊரிலே காய்ச்சலைப் பரனைற்றிற் சொல்லியே பழகியவர்கள் நாம். "நூற்றிரண்டு காய்கிறது" என்றால் எவருக்கும் விளங்கும். புலம்பெயர் நாட்டில் வாங்கும் வெப்பமானி 39 என்று காட்டினால், நூறுக்கு எவ்வளவோ குறைவு என்று ஆறுதலடைதல் கூடாது. 39 என்பது பரனைற்றில் 102.2. உடலின் இயல்பான வெப்பம் செல்சியஸில் 37 அளவிலேயே இருக்கும். மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 38 பாகையோ அதற்கு மேலோ இருந்தால், விடியட்டும் என்று காத்திராது உடனே வைத்திய உதவியை நாடுங்கள்.

எந்தக் குளிருக்கு எந்த உடை?

யாழ்ப்பாணத்தில் மார்கழி இரவிலும் வெப்பம் பெரும்பாலும் 20 பாகைக்கு மேலேயே நிற்கும். அந்த உடல், ஐப்பசி மாதத்து 10 பாகையைக் கடுங்குளிராக உணர்வதில் வியப்பில்லை. 15 பாகைக்குக் கம்பளிச் சட்டை ஒன்று போதுமாகலாம். 10 பாகைக்கு அதன்மேல் காற்றுப் புகாத மெல்லிய மேலங்கி வேண்டும். 5 பாகைக்குத் தொப்பியும் கையுறையும் சேர்தல் நன்று.

ஒரு தடித்த அங்கியை விட, மூன்று மெல்லிய அடுக்குகளே மேலானவை. அடுக்குகளுக்கிடையே அடைபட்ட காற்றே உடற்சூட்டைக் காக்கின்றது. உள்ளே வியர்வையை ஈர்த்து வெளியேற்றும் துணி, நடுவே கம்பளி, வெளியே காற்றையும் மழையையும் தடுக்கும் அங்கி என்பதே முறை. பருத்தி எமக்குப் பழகிய துணியாயினும், நனைந்தால் எளிதில் உலராது. உடலைக் குளிர வைக்கும். மழையில் நனைந்தபடி பேருந்துக்குக் காத்து நிற்பவருக்கு, உறைநிலைக்கு மேற்பட்ட குளிரிலும் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். நடுக்கம், நாக்குளறல், தடுமாற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள். அத்தகையவரை உள்ளே அழைத்துச் சென்று, ஈர உடையைக் களைந்து போர்த்துவதுடன், தாமதியாது அவசர உதவியையும் அழைத்தல் வேண்டும்.

காற்றையும் கணக்கிற் கொள்ளுங்கள். பூச்சியத்திற்குக் கீழே 10 பாகையில், மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்திற் காற்று வீசினால், திறந்த தோலுக்கு அது கீழே 20 போன்றே தோன்றும். சேலை உடுத்துவோர் அதனுள்ளே இறுக்கமான கம்பளிக் காற்சட்டையும் நீண்ட காலுறையும் அணியலாம். சேலையின் அழகு குன்றாது. குழந்தையை வாகன இருக்கையில் அமர்த்தும்போது தடித்த அங்கியின் மேல் பட்டியைப் பூட்டாதீர்கள். விபத்து நேர்ந்தால் அங்கி நசுங்கிப் பட்டி தளர்ந்துவிடும். பட்டியை உடலோடு ஒட்டிப் பூட்டிய பின் மேலே போர்வையை இடுங்கள்.

பிள்ளைகள் வேலைக்கும் பாடசாலைக்கும் சென்றபின் வீட்டில் தனித்திருக்கும் முதிய பெற்றோர், மின்கட்டணத்திற்கு அஞ்சி வெப்பத்தைக் குறைத்துவிட்டுப் போர்வைக்குள் ஒடுங்குவதுண்டு. முதுமையில் உடல் குளிரை உணர்வதே மந்தமாகும். சுவர்க் கருவியின் அருகே 21 என்றும் 70 என்றும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவையுங்கள். அதற்குக் கீழே இறக்க வேண்டாமென்று பிள்ளைகளே அவர்களுக்கு அன்போடு எடுத்துரைத்தல் நலம்.