விளையாட்டுத் திடலும் சமய வணக்கமும்

பள்ளிக்கூட விளையாட்டுத் திடலில் ஓட்டப் பந்தயத்திற்கு அணிவகுத்து நிற்கும் பிள்ளைகளைக் கவனித்தால் ஒன்று புலப்படும். ஒருவன் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறான். மற்றொருத்தி சிலுவைக் குறி இடுகிறாள். வேறொருவன் வென்றபின் நெற்றி தரையில் பட வணங்குகிறான். இவை திடலில் இடம்பெறத் தக்கனவா? பள்ளியிலே சமய விழாக்கள் கொண்டாடப்படலாமா? பிற மாநிலங்களில் வாழும் தமிழ் மக்கள் இவ்வினாவைத் தள்ளிவைக்க இயலாது. நம் பிள்ளைகள் பயிலும் பள்ளிகளில் நாம் மொழியால் சிறுபான்மையோர். சிலர் சமயத்தாலும் அவ்வாறே.

இவ்வினா கூர்மையாக எழுந்த ஓர் ஊரை முதலில் காண்போம். அது ஆந்திரத்துச் சித்தூர் அன்று; பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர். கொச்சி அரசில் அடங்கியிருந்து, 1956ஆம் ஆண்டில் கேரளத்தின் பகுதியான நிலம் அது. கொங்கர் படையை வென்ற நினைவாகக் ‘கொங்கன்படை’ விழா எடுக்கும் அவ்வூர் வட்டாரத்திலேயே தமிழ் வகுப்புகள் கொண்ட அரசுப் பள்ளிகளும் உள்ளன. 2024ஆம் ஆண்டு டிசம்பரில், சித்தூரை அடுத்த நல்லேப்பிள்ளி அரசுப் பள்ளியில் கிறிஸ்துமஸ் கொண்டாட்டம் நடந்தபொழுது, சிலர் உள்ளே வந்து ஆசிரியர்களை மிரட்டினர் என்று புகார் எழுந்தது. கிருஷ்ண ஜயந்தியை ஏன் கொண்டாடவில்லை என்று அவர்கள் வினவியதாகவும் செய்திகள் கூறின. மூவர் கைது செய்யப்பட்டனர். சில நாட்களுக்குள், தத்தமங்கலத்துப் பள்ளி ஒன்றில் கிறிஸ்துமஸ் குடில் உடைக்கப்பட்டிருந்தது. இதற்கு மறுமொழியாக, அரசியல் சார்புள்ள இளைஞர் அமைப்புகள் கிறிஸ்துமஸ் கீதம் பாடிக் கண்டனம் தெரிவித்தன. இனிப்புண்டு மகிழ வந்த சிறு பிள்ளைகளின் முற்றம், பெரியவர்களின் போட்டிக் களமாயிற்று என்பதே இதில் வருந்தத்தக்கது.

நம் அரசியலமைப்பு இதுபற்றிக் கூறுவது யாது? இருபத்தெட்டாவது உறுப்பு இரண்டு சொற்களைத் தனித்தனியே ஆள்கிறது. ஒன்று சமயப் போதனை; மற்றொன்று சமய வழிபாடு. முழுவதும் அரசுப் பணத்தில் நடைபெறும் பள்ளியில் சமயப் போதனை கூடாது. அரசின் அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில், பிள்ளையின் பெற்றோர் அல்லது காப்பாளர் இசைவின்றி அப்பிள்ளையைப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் செய்தல் கூடாது. ஆனால் தானாக ஒரு பிள்ளை கைகூப்புவதை இந்த உறுப்பு தடுக்கவில்லை. மனச்சாட்சி உரிமையை இருபத்தைந்தாவது உறுப்பு காக்கிறது. தடை ஏவலுக்கே உண்டு; உள்ளத்து அன்புக்கு இல்லை.

கேரளத்தில் எழுந்த மற்றொரு வழக்கும் இங்கு நினைக்கத்தக்கது. நாட்டுப் பண் பாடுவது தம் சமயத்திற்கு ஒவ்வாது எனக் கருதிய மூன்று பிள்ளைகள், அது பாடப்படும்போது மரியாதையுடன் எழுந்து நின்றனர், ஆயினும் பாடவில்லை. 1985ஆம் ஆண்டில் அவர்கள் பள்ளியினின்றும் நீக்கப்பட்டனர். மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்நீக்கம் செல்லாது எனத் தீர்ப்பளித்து, அவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ளுமாறு ஆணையிட்டது. பிறருக்கு இடையூறின்றி அமைதியாக நிற்பவனை வற்புறுத்துதல் தகாது என்பதே நாம் அதினின்றும் பெறும் பாடம்.

திடலில் இப்பாடத்தை எவ்வாறு கைக்கொள்வது? விசில் யார் கையில் உள்ளது என்று பார்த்தால் போதும். பிள்ளையின் வணக்கம் பிள்ளைக்கே உரியது. ஆனால் அணியில் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று முடிவு செய்யும் உடற்பயிற்சி ஆசிரியர், “எல்லோரும் வணங்குவோம்” என்று அழைத்தால், அது அழைப்பன்று, கட்டளை. இடம் பறிபோகுமோ என்னும் அச்சத்தால் வணங்குபவனிடம் பக்தியேது? அமெரிக்க நாட்டில் விளையாட்டுக்கு முன் ஒலிபெருக்கியில் செய்யும் பள்ளிப் பிரார்த்தனை கூடாது என 2000ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் விலக்கியது. அதே நீதிமன்றம் 2022ஆம் ஆண்டில், ஆட்டம் முடிந்தபின் திடலில் மண்டியிட்டு வணங்கிய பயிற்சியாளரின் உரிமையை ஆதரித்தது. நீதிபதிகளுள் மூவர் உடன்படவில்லை. மாணவர் மீது விழும் மறைமுக அழுத்தத்தை அவர்கள் சுட்டிக்காட்டினர். அந்த மூவரின் கவலை நமக்கு நியாயமாகவே தோன்றுகிறது.

உடையைப் பற்றிய விதிகளும் இவ்வாறே ஆராயத்தக்கன. 2014ஆம் ஆண்டில் ஆசியக் கூடைப்பந்துப் போட்டியில் இந்திய அணியின் சீக்கிய வீரர் இருவர் தலைப்பாகையை அகற்ற நேர்ந்தது. அதே ஆண்டில் உலகக் கால்பந்து விதிகள் தலைத்துணிக்கும் தலைப்பாகைக்கும் இடமளித்தன. 2017இல் கூடைப்பந்தும் அவ்வழி சென்றது. பிறருக்குக் காயம் விளையாதவாறு இருத்தல் வேண்டும் என்னும் விதி எல்லாச் சமயத்தார்க்கும் பொதுவாகுமாயின், அதனை எவரும் குறைகூற இயலாது.

இது அற்பப் பொருளன்று. பாலக்காட்டு மாவட்டத்து முண்டூர்ப் பள்ளியில் ஓடத் தொடங்கிய பி. யு. சித்ரா, 2017, 2019 ஆண்டுகளில் ஆசியத் தடகளப் போட்டிகளில் 1500 மீட்டர் ஓட்டத்தில் தங்கப் பதக்கம் பெற்றார். எளிய குடும்பத்துப் பிள்ளைக்குத் திடல் ஒரு வாழ்க்கை வழி. அங்கே தான் அயலான் என்று ஒரு பிள்ளை உணர்ந்து விலகினால், அவ்வழி அடைபடுகிறது.

கொண்டாட்டங்களை அடியோடு விலக்குவதும் நமக்கு உகந்ததன்று. ஓணமும் கிறிஸ்துமஸும் ரம்ஜானும் பொங்கலும் பள்ளியில் பகிர்ந்துகொள்ளப்படும்போது பிள்ளைகள் அண்டை வீட்டாரை அறிகின்றனர். ஒரு சமயத்தார்க்கு மட்டுமே இடம் தராமையும், வாராத பிள்ளையை ஏளனம் செய்யாமையும், விழாவை வழிபாடாக்காமையும் போதிய காவல்களாம்.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. தம் பிள்ளை கட்டாயப்படுத்தப்படுவதாக அறிந்தால், கூட்டம் சேர்த்துப் பள்ளிக்குள் புகுதல் வேண்டா. தலைமை ஆசிரியரிடம் எழுத்து மூலம் தெரிவித்து, இருபத்தெட்டாவது உறுப்பைச் சுட்டுதலே முறை. அவ்வாறே, நம்மவர் பெரும்பான்மையாய் உள்ள ஊரிலும் தனித்து நிற்கும் பிள்ளைக்கு அதே உரிமையை அளித்தல் நம் கடன். வெளியூரில் நாம் வேண்டும் நீதியை உள்ளூரில் வழங்குவதே அந்நீதியை நாம் மெய்யாக மதிக்கிறோம் என்பதற்குச் சான்று.