வேலியோரத்து மலை ஓணான்

அமெரிக்க நாடுகளில் அனோல் என்னும் சிறு பிராணியைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்த்து மகிழ்வோர் பலர். நமது ஓணானுக்குத் தூரத்து உறவு அது. ஆண் அனோல் தொண்டைத் தோலை வண்ண விசிறிபோல் விரித்துத் தலையை ஆட்டுவதைக் காண்பது அவர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. நீலகிரியில் வாழும் நமக்கோ பெட்டியும் வேண்டாம், செலவும் வேண்டாம். உதகை, கோத்தகிரிப் பக்கங்களில் வேலியோரம் சற்றே பொறுமையுடன் நின்றால் போதும்.

அங்குள்ள மலை ஓணானை அறிஞர்கள் ‘சலியா ஹார்ஸ்ஃபீல்டியை’ என்பர். 1845-இல் அதற்கு அப்பெயரிட்டவர் ஜான் எட்வர்ட் கிரே. மேற்குத் தொடர்ச்சி மலையில், நீலகிரி, பழனி ஆகியவற்றின் உயரங்களே அதன் தாயகம். வெளிநாடுகளில் எங்கும் கிடையாது. இளம்பச்சை உடல், கண்ணருகே தொடங்கும் கரும்பட்டை, உதட்டிலிருந்து தோள்வரை ஓடும் வெண்கோடு, பிடரியில் முள்வரிசை, உடலைப்போல் இரு மடங்குக்கு மேல் நீண்ட வால். ஆணின் கோலம் இது. பெட்டை எளிய நிறத்தது.

சமவெளி ஓணான் கண்டதும் ஓடும். இதுவோ அடிமேல் அடிவைத்து நகரும். நாம் நெருங்கினால் கிளைக்கு மறுபுறம் சுற்றிக்கொள்ளும். நாம் அப்புறம் போனால் அது இப்புறம் வரும்! தன்னுடலில் வெப்பத்தை உண்டாக்கிக்கொள்ள இயலாத பிராணியாதலால், காலையில் செடியின் உச்சிக்கு வந்து குளிர்காயும். நாம் கம்பளியைத் தேடும் மூடுபனி நாளில் அதைத் தேடுவது வீண்வேலை.

இராமருக்கு அணில் இளநீரும் ஓணான் சிறுநீரும் தந்தன என்ற கதையை நம்பிச் சிறுவர் ஓணானைக் கல்லாலடிப்பது நாடெங்கும் உண்டு. பல்லியின் வால் அறுந்தால் மீண்டும் வளரும். ஓணானுக்கு அவ்வாறு வளர்வதில்லை. இதைப் பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்லலாமே! பிடித்துப் புட்டியில் அடைப்பதும் ஏறத்தாழ அதே கொடுமைதான். உயிருள்ள பூச்சியை உண்டு, குளிர்காற்றில் வாழ்ந்த பிராணி அதில் எத்தனை நாள் தாங்கும்?

சோலைகள் அழிந்து தேயிலையும் யூகலிப்டசும் பெருகிய பின்னும், புதரிலும் தேயிலைச் செடியிலும் இது ஒண்டிக்கொண்டது. ஆனால் மருந்து தெளித்துப் பூச்சிகளை ஒழித்தால் அதற்கு ஏது உணவு? உயிர்வேலியை வெட்டி மதில் எழுப்பினால் ஏது வீடு? முட்டைகளை அது மண்ணில் இட்டு மூடிவிட்டுப் போய்விடும், காவல் இருப்பதில்லை. வேலியடியைக் கொத்துபவர் மண்ணில் வெண்ணிற முட்டைகளைக் கண்டால், புரட்டாமல் அப்படியே மண்ணிட்டு மூடிவிடுவது நலம்.